நாற்பத்தோராம் பக்கம்

முதலில் ஆணி பிடுங்கிக்கொள்ளும் ‘கிறீச்’ என்ற சத்தம். அடுத்த நொடி, கூரையே இறங்கிவிட்டதுபோல ஒரு ‘தடால்’.

பக்கத்துக் கடைத் தையற்காரர் வாயில் ஊசியோடு ஓடிவந்தார். நூலகத்துக்குள் ஒரே புழுதி. ஐம்பது வருடமாகச் சுவரோடு சுவராக நின்றிருந்த முதல் அலமாரி குப்புறக் கிடந்தது. அதிலிருந்த புத்தகங்கள் மல்லாந்தும் கவிழ்ந்தும் அறை முழுக்கச் சிதறியிருந்தன. ஒரு பெயின்ட் டப்பா மட்டும் நிதானமாக உருண்டு வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

“அக்கா, உசிரோட இருக்கீங்களா?”

“இருக்கேன். நீ முதல்ல அந்த ஊசியை வாயிலேருந்து எடு. ஒரே நாள்ல ரெண்டு சாவு வேண்டாம்” என்று புழுதிக்குள்ளிருந்து பதில் வந்தது.

லைப்ரரி அக்கா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். நாற்பத்தேழு வயது. அவளை ஊரில் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்கு ஐம்பது வயது முடிகிறது. விழாவுக்குள் சுவருக்கு வெள்ளையடித்துவிடலாம் என்று, துணைக்கு ஆள் வரும்வரை பொறுக்காமல், தனியாளாக அலமாரியை நகர்த்திப் பார்த்ததன் பலன் இது.

“ஒரு குரல் கொடுத்திருந்தா வந்திருப்பேன்ல?”

“உன்னைக் கூப்பிட்டா அப்பாவோட சட்டை ஞாயித்துக்கிழமைக்கு வருமா? ஏற்கனவே ரெண்டு தடவை அளவெடுத்துட்டே.”

“அளவெடுக்கப் போனா ஐயா நிமிர்ந்து நிக்கறார், மூச்சை இழுத்துக்கறார். நெஞ்சளவு நாளுக்கு நாள் ஏறுது. நான் என்ன பண்ண?”

உருண்டு போன டப்பாவை ஒரு செருப்புக்கால் தடுத்து நிறுத்தியது. வாசலில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள் நின்றிருந்தார். கையில் மடக்குக்குடை. தோளில் துணிப்பை. நரைத்த தலையை இறுக்கி வாரி, ஒரு முடிகூடப் பறக்காமல் கொண்டை போட்டிருந்தார்.

“பத்திரிகையில அறிவிப்பு பார்த்துட்டு வந்தேன்” என்றார். “வேலை நேரத்துல வந்துட்டேன் போல.”

லைப்ரரி அக்காவின் முகம் மலர்ந்தது. நூலகத்தின் வரலாற்றை அவள் எழுதிக்கொண்டிருந்தாள். பழைய நினைவுகள் உள்ளவர்கள் எழுதலாம், நேரிலும் வரலாம் என்று போன வாரம் பத்திரிகையில் ஒரு சின்ன அறிவிப்பு. கூடவே, அவளுடைய அப்பா முதல் அலமாரியின் பக்கத்தில் நிற்கும் படம். அதற்கு இதுவரை மூன்று கடிதம் வந்திருந்தது. ஒருவர் வேலை கேட்டிருந்தார். ஒருவர் தன் கவிதைகளை அனுப்பியிருந்தார். மூன்றாமவர், பதினெட்டு வருடம் முன்பு நூலகத்தில் விட்டுப்போன குடை கிடைக்குமா என்று விசாரித்திருந்தார்.

“வாங்கம்மா, வாங்க. உட்காரத்தான் இடமில்ல.”

“இடம் எதுக்கு? இதையெல்லாம் யார் அடுக்கறது?” என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டார். முப்பத்தைந்து வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவராம். கைகள் அதைச் சொல்லின. ஒரு புத்தகத்தைக்கூட அட்டையைப் பிடித்துத் தூக்கவில்லை. நோயாளியைத் திருப்புவதுபோல முதுகுக்கு அடியில் கைகொடுத்து எடுத்தார்.

அலமாரியை நிமிர்த்திவிட்டுத் தையற்காரர் கடைக்குப் போனார். பெண்கள் இருவரும் புத்தகங்களைத் துடைத்து அடுக்கத் தொடங்கினார்கள். கேட்பதற்கு ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் லைப்ரரி அக்கா நூலகத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள்.

ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த கதைதான். ஐம்பது வருடம் முன்பு கூட்டுறவுச் சங்கத்துக்கு எழுத்தராக மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தவர் அவளுடைய அப்பா. கையில் ஒரு பெட்டி, ஒரு சைக்கிள். ஊரில் படிக்க ஒரு காகிதம் கிடையாது. சங்கத்தின் பழைய எடைக்கூடம் சும்மா கிடந்தது. அதைக் கேட்டு வாங்கிச் சுத்தம் செய்தார். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் விடிவதற்கு முன்னால் சைக்கிளை மிதித்துக்கொண்டு கிளம்புவார். வெளியூர்களில் வீடு வீடாக ஏறி இறங்குவார். பொழுது சாயும்போது பின்சீட்டில் பத்து, பதினைந்து புத்தகத்தோடு திரும்புவார். இப்படியே ஒரு வருடத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு புத்தகம் சேர்ந்தது. ஊர் அவருக்குச் ‘சைக்கிள் ஐயா’ என்று பெயர் வைத்தது. அந்தச் சைக்கிள் இப்போது நூலகச் சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டிருந்தது.

“ஞாயித்துக்கிழமை நூலகத்துக்கு அப்பா பேரே வைக்கறாங்க. பலகை எழுதி வந்தாச்சு. அதோ, சுவரைப் பார்த்துத் திருப்பி வச்சிருக்கேன். அப்பா பார்த்தா விழா அன்னிக்கு ஆச்சரியப்படற மாதிரி நடிக்கணும், அவருக்கு நடிக்க வராது.”

நர்ஸம்மா ஒவ்வொரு புத்தகத்தையும் துடைத்துவிட்டு, வைப்பதற்கு முன்னால் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரே இடத்தில் விரித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு மூடினார். அடுத்ததையும் அதே மாதிரி.

“முதல் தாள் எதுலயும் இல்லையே” என்றார் கடைசியில்.

“அந்த அலமாரியில எதுலயும் இருக்காது. எல்லாம் தானமா வந்தது இல்லையா, கொடுத்தவங்க தங்க பேர் இருந்த தாளைக் கிழிச்சுட்டுக் கொடுத்தாங்களாம். கடைசித் தாளும் அப்படித்தான். அப்பா சொல்லியிருக்கார். நான் அதுக்குன்னு தனி அத்தியாயமே எழுதியிருக்கேன். ‘பெயர் வேண்டாதவர்கள்’னு தலைப்பு.”

நர்ஸம்மா தலையாட்டினார். கை ஒரு தடித்த புத்தகத்தின் மேல் நின்றிருந்தது. ஆறு தொகுதி அகராதியில் மூன்றாவது தொகுதி. மற்ற ஐந்துக்கும் கறுப்பு முதுகு. இதற்கு மட்டும் நீலக் கட்டம் போட்ட துணி.

“பத்திரிகைப் படத்துல இந்த முதுகுதான் தெரிஞ்சுது” என்றார். “கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆனாலும் கட்டம் தெரிஞ்சுது.”

“ஆமாம், யாரோ வீட்டுத் துணி.”

“எங்க அம்மாவோட பாவாடை.”

லைப்ரரி அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. “ஓ, உங்க வீட்டுலதான் கொடுத்ததா? சொல்லவே இல்லையே. அப்ப உங்களைப் பத்தி ஒரு பத்தி எழுதிடணும். அப்பா உங்க ஊருக்கும் வந்தாரா?”

“வந்தார். ஆனா நாங்க கொடுக்கலம்மா.”

நர்ஸம்மா தொகுதியை மடியில் வைத்துக்கொண்டார். இங்கிருந்து முப்பது கிலோமீட்டர் மேலே, ஆற்றங்கரையில் இருக்கிறது அவருடைய ஊர். அங்கே நாற்பத்தோரு குடும்பம் சேர்ந்து ஒரு வாசகசாலை நடத்தின. அதைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய அப்பா. பகலில் பள்ளிக்கூடத்தில் மணியடிக்கிற வேலை, சாயங்காலம் வாசகசாலை. கிழிந்த புத்தகத்தை அவரே தைத்து ஒட்டுவார். துணி கிடைக்காத ஒருநாள் மனைவியின் பாவாடையில் கைவைத்து, இரண்டு நாள் சோறு கிடைக்காமல் கிடந்தார்.

“அந்த வருஷம் ஆறு ஊருக்குள்ள வரப்போகுதுன்னு தெரிஞ்சுபோச்சு. அப்பாவுக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். சாயங்காலம் ஆனா வாசகசாலையிலதான் இருப்பார். ‘அண்ணே, புத்தகத்தையெல்லாம் மேட்டுல ஒரு ஷெட்டுல வச்சுப் பாதுகாக்கறேன், தண்ணி வடிஞ்சதும் கொண்டுவந்துடறேன்’னார். வாடகைக்கு வண்டி பிடிச்சு ஏத்திட்டுப் போனார். நானும் தூக்கிக் கொடுத்தேன். எனக்குப் பத்து வயசு.”

“அப்புறம்?”

“பன்னெண்டு நாள் கழிச்சு நடந்தே வந்தார். பாலத்துல வண்டி கவிழ்ந்துடுச்சு, ஒரு புத்தகம்கூட மிஞ்சலைன்னு அப்பா கையைப் பிடிச்சுட்டு அழுதார். அவர் அழறதைப் பார்த்து எங்க அப்பாவும் அழுதார். அழுதுட்டு, ‘நீ பொழைச்சு வந்தியே, அது போதும்’னு சொல்லிச் சோறு போட்டு அனுப்பினார். நான்தான் பரிமாறினேன்.”

தையல் மெஷின் பக்கத்தில் ஓடி ஓடி நின்றது.

“ஊர் நம்பல” என்றார் நர்ஸம்மா. “சாவி அப்பாகிட்ட. பதிவேட்டுல கையெழுத்து அப்பாவோடது. வெள்ளத்தைச் சாக்கா வச்சு வித்துட்டான்னு பேச்சு. யாரும் நேரா கேட்கல. கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பார். எதிர்ல வந்தா பேச்சை நிறுத்திடுவாங்க, அவ்வளவுதான். பள்ளிக்கூட வேலையை விட்டுட்டு டவுன்ல ஒரு செங்கல் சூளையில எடைபோடப் போனார். அங்கேயே செத்தார்.”

“அந்தச் சிநேகிதர்?”

“அப்புறம் அந்தப் பக்கமே வரல. மாற்றல் ஆயிடுச்சுன்னாங்க. அப்பா அவரைக் கடைசிவரை ஒரு வார்த்தை தப்பாச் சொல்லல. நான் சித்தப்பான்னுதான் கூப்பிடுவேன். சைக்கிள்ல முன்னாடி உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போவார்.”

சொல்லிக்கொண்டே தலையைத் தூக்கினார். சுவரில் இருந்த சைக்கிளின் முன்பட்டையில், குழந்தை உட்காருவதற்காக ஒரு சின்னப் பலகை திருகியிருந்தது.

“அந்தப் பலகை எங்கப்பா செஞ்சு மாட்டினது. அலமாரிக்கு வாங்கின மரத்துல மிச்சம்.”

லைப்ரரி அக்கா அந்தப் பலகையில் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடம் போனாள். ‘இது உனக்குன்னே செஞ்சது’ என்று அப்பா சொல்லுவார். அதையும் எழுதியிருந்தாள். ஐந்தாம் பக்கத்தில்.

“பலகை எல்லா சைக்கிள்லயும்தான் இருக்கும்” என்றாள். “நீங்க பெரியவங்க. ஆனா ஐம்பது வருஷம் கழிச்சு வந்து, ஒரு துண்டு துணியையும் ஒரு பலகையையும் காட்டி...”

“நீங்க கோபப்படுவீங்கன்னு தெரியும். நானா இருந்தா கையில துடைப்பத்தை எடுத்திருப்பேன்.” நர்ஸம்மா சிரிக்கவில்லை. “ஒண்ணே ஒண்ணு கேட்கறேன். உங்க நூலகத்துல ரகசியப் பக்கம் உண்டா?”

உண்டு. எல்லா நூலகத்திலும் உண்டு. முதல் தாளில் முத்திரை வைத்தால் திருடுகிறவன் அந்தத் தாளைக் கிழித்துவிடுவான். அதனால் உள்ளே ஏதாவது ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, எல்லாப் புத்தகத்திலும் அதே பக்கத்தில் இன்னொரு முத்திரை வைப்பார்கள். எந்தப் பக்கம் என்பது நூலகருக்கு மட்டும் தெரியும். வாசகருக்குச் சொல்லக்கூடாது. இருபத்தைந்து வயதில் பட்டணத்தில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று எழுதிப்போட்டுவிட்டு நூலகச் சாவியை வாங்கிய அன்று, அப்பா அவள் காதோடு அந்த எண்ணைச் சொன்னார். ஏன் அந்த எண் என்று அவள் கேட்டதற்கு, “ஏதாவது ஒரு பக்கம் வேணுமே, வாய்க்கு வந்துச்சு” என்றார்.

“எங்களுது நாப்பத்தொண்ணு” என்றார் நர்ஸம்மா. “நாப்பத்தோரு வீடு. அப்பா எங்கே புத்தகத்தைப் பார்த்தாலும், பஸ் ஸ்டாண்டு பழைய புத்தகக் கடையிலகூட, முதல்ல நாப்பத்தோராம் பக்கத்தைத்தான் திறப்பார். சாகற வரைக்கும் அந்தப் பழக்கம் போகல. எனக்கும் ஒட்டிக்கிச்சு.”

லைப்ரரி அக்கா நீலக் கட்டம் போட்ட தொகுதியை வாங்கினாள். திறந்தாள். அவளுக்குப் பழகிப்போன பக்கம். சதுரமான நூலக முத்திரை. ஆனால் அந்த முதல் அலமாரிப் புத்தகங்களில் மட்டும் முத்திரை எப்போதும் கறுகறுவென்று அப்பியிருக்கும், ஒரு எழுத்துகூடத் தெரியாது. மைப்பெட்டியில் மை அதிகம் என்று அப்பா சொல்லியிருந்தார். புதுப் புத்தகங்களில் அவள் வைத்த முத்திரை பளிச்சென்று இருக்கும். ‘அப்பாவுக்குக் கை கனம்’ என்று அவள் கேலிகூடச் செய்திருக்கிறாள்.

“தாளைத் திருப்புங்க” என்றார் நர்ஸம்மா. “எங்கப்பா எண்ணெய் மை போடுவார். பின்பக்கம் ஊறும்.”

திருப்பினாள். நாற்பத்திரண்டாம் பக்கத்தில் பழுப்பாக ஒரு வட்டம். அதையும் அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். ஈரக் கறை என்று நினைத்திருந்தாள். சதுர முத்திரையின் பின்னால் வட்டக் கறை எப்படி வரும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அப்பாவின் புத்தகத்தில் யோசிக்க என்ன இருக்கிறது?

புத்தகத்தோடு தையல் கடைக்குப் போனாள்.

“உன் கண்ணாடியைக் கொஞ்சம் விடு.”

“விழாவுக்குப் புடவை பார்க்கவா? அழகாத்தான் இருக்கீங்க அக்கா” என்று ஆரம்பித்த தையற்காரர், அவள் முகத்தைப் பார்த்ததும் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு ஒதுங்கினார். ஆளுயரக் கண்ணாடியின் முன்னால் அவள் பக்கத்தை விரித்துப் பிடித்தாள். இடம்வலமாகத் திரும்பியிருந்த எழுத்துகள் கண்ணாடியில் நேராகி ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. ஊர்ப் பெயர் பாதி அழிந்திருந்தது. அதன் கீழே வளைவாக ஒரு சொல் முழுசாக இருந்தது.

வாசகசாலை.

இந்த ஊரில் எதற்கும் யாரும் அப்படிப் பெயர் வைத்ததில்லை.

திரும்பி வந்து இன்னொரு புத்தகம் எடுத்தாள். இன்னொன்று. பயணநூல், மருத்துவக் குறிப்புகள், சிறுவர் கதை. எதைத் திருப்பினாலும் பழுப்பு வட்டம். தண்ணீர்க் கறை ஒன்றில்கூட இல்லை.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. சாதாரணத் திருடனாக இருந்தால் நாற்பத்தோராம் பக்கத்தையும் கிழித்திருப்பான், வேலை முடிந்திருக்கும். இதைச் செய்தவருக்குக் கிழிக்க மனம் வரவில்லை. முதல் தாளில் கதை கிடையாது, போனால் போகிறது. நாற்பத்தோராம் பக்கத்தில் கதை இருக்கிறதே. படிக்கிறவன் அங்கே வந்து தடுக்கி விழுவானே. அதனால்தான் கிழிக்காமல், அதே இடத்தில், மேலே, அழுத்தமாகத் தன் முத்திரையை வைத்திருக்கிறார். பிறகு சந்தேகம் வராமலிருக்க, ஐம்பது வருடம் வாங்கிய எல்லாப் புத்தகத்திலும் அதே பக்கத்தில். மகளின் கையாலும்.

வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. விழாக் குழுத் தலைவரான மில்காரர், மாலை போடுகிறவர்கள் பட்டியலோடு உள்ளே வந்தார். பக்கத்திலிருந்தே எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த தையற்காரர் வெளியே வைத்து விஷயத்தை அவர் காதில் போட்டிருக்க வேண்டும். வந்தவர் நர்ஸம்மாவுக்கு மரியாதையாக ஒரு கும்பிடு போட்டார்.

“புத்தகம் வேணும்னா எடுத்துட்டுப் போங்கம்மா. வண்டிகூட நான் தரேன். விழா முடியட்டும்.”

“புத்தகம் வேண்டாம்” என்றார் நர்ஸம்மா. “அதை வச்சு நான் என்ன செய்ய? எங்க ஊர்ல இப்ப பெரிய நூலகமே வந்தாச்சு. வரலாறுன்னு ஒண்ணு எழுதறீங்களே, அதுல ஒரு வரி வேணும்.”

“என்ன வரி?”

“எங்கப்பா புத்தகத்தை விக்கலன்னு. எங்க ஊர்ல அந்தப் பேச்சு இன்னும் இருக்கு. என் மக கல்யாணப் பேச்சுலகூட ஒரு கிழவர், ‘அந்தப் புத்தகம் வித்தவர் வம்சமா?’ன்னார். உங்க புத்தகம் அச்சாகி வந்தா நான் அவர்கிட்ட காட்டுவேன். அது போதும்.”

மில்காரர் லைப்ரரி அக்காவைத் தனியாக அழைத்தார். “இதோ பாரும்மா. செத்தவர் பேரைத் துடைக்க, உயிரோட இருக்கறவர் முகத்துல சேத்தைப் பூசணுமா? எண்பத்திரண்டு வயசு. ஞாயித்துக்கிழமை மாலை. ஊரே அவர் பேரைச் சொல்லி நிக்குது. அந்த அம்மா சொல்றது உண்மையாவே இருக்கட்டும். இந்த அறுநூறு புத்தகம் இல்லைன்னா நானே தற்குறியா இருந்திருப்பேன். அந்த ஊருக்குப் போனது நமக்கு வந்தது.”

“உங்களுக்கு வந்ததுண்ணே. அவங்கப்பாவுக்கு என்ன வந்தது?”

“அச்சகக்காரர் நாலு மணிக்கு வரார். ஒரு எழுத்து மாத்தாம கொடுத்துடு. அப்புறம் பேசிக்கலாம்.”

“அப்புறம்னா எப்ப? நூறாவது வருஷ விழாவுலயா?”

அவர் பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். 

மணி மூன்று. மேஜையில் கட்டி வைத்திருந்த வரலாறு முப்பத்திரண்டு பக்கம். லைப்ரரி அக்கா கயிற்றை அவிழ்த்தாள். ‘பெயர் வேண்டாதவர்கள்’ அத்தியாயத்தைப் படித்தாள். ‘கொடுத்த கை தெரியாமல் கொடுத்த அந்த நல்லவர்களுக்கு...’ என்று தானே எழுதிய வரிகள் தன்னையே பார்த்து இளிப்பதுபோல இருந்தன. அந்தத் தாளை எடுத்து மடித்தாள். புதிதாக ஒரு தாளில் ‘நம் நூலகத்தின் முதல் அறுநூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள்’ என்று ஆரம்பித்து, நிறுத்தி, ஒரு வரிக்கு இடம் விட்டாள்.

“ஒருவேளை” என்றார் பின்னாலிருந்து நர்ஸம்மா. அவர் பையைத் தோளில் மாட்டியிருந்தார். “வண்டி கவிழாம, வழியில எங்கேயாவது மாட்டிக்கிட்டு இருந்திருக்கலாம். அவரும் போயிடுச்சுன்னே நினைச்சிருக்கலாம். அப்புறம் எப்பவோ கிடைச்சிருக்கும். அதுக்குள்ள அப்பா சூளைக்குப் போயிட்டார். திருப்பிக் கொடுக்கக் கூச்சமா இருந்திருக்கும். மனுஷங்க அப்படியும் இருக்காங்க. நான் ஆஸ்பத்திரியில நிறையப் பார்த்திருக்கேன்.”

அந்த ‘ஒருவேளை’யை லைப்ரரி அக்கா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“அப்பாகிட்ட கேட்கறேன். அவர் வாயால என்ன சொல்றாரோ அதை எழுதறேன். உங்க பஸ் எப்ப?”

“அஞ்சு மணிக்கு. நிறுத்தத்துல உட்கார்ந்திருக்கேன்.” வாசலில் நின்று திரும்பினார். “சித்தப்பான்னு நான் கூப்பிட்டது நிஜம்னா, நீ எனக்குத் தங்கச்சி ஆகறே. அதுவும் ஒரு கணக்கு இருக்கு பாரு.”

நூலகத்திலிருந்து வீடு நாலு நிமிட நடை. தையற்காரர் சட்டையைப் பொட்டலம் கட்டி, “கையோட கொடுத்துடுங்க அக்கா, ரெண்டாவது பட்டன் மட்டும் கொஞ்சம் இறுக்கம்” என்று கொடுத்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. அவரிடமிருந்து அது பெரிய விஷயம்.

வழியெல்லாம் அவள் அப்பாவுக்காகப் பதில்களைத் தேடிக்கொண்டே நடந்தாள். வண்டிக்காரன் ஏமாற்றியிருக்கலாம். அவன்தான் கவிழ்ந்துவிட்டது என்று அப்பாவிடம் பொய் சொல்லியிருக்கலாம். பிறகு எங்கேயோ பழைய கடையில் அதே புத்தகங்களைப் பார்த்து, பதறிப்போய், ஞாயிறு தோறும் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டிருக்கலாம். நண்பரைத் தேடிப்போய், அவர் ஊரை விட்டுப் போனது தெரிந்து திரும்பியிருக்கலாம். நல்ல கதைதான். முப்பத்திரண்டு பக்க வரலாற்றைவிட நன்றாகவே இருந்தது. அப்பா இதில் பாதியைச் சொன்னால்கூடப் போதும், மீதியை அவளே நம்பிக்கொள்வாள்.

நர்ஸம்மா சொன்னது எதையும் முதலில் சொல்லக்கூடாது என்று முடிவுசெய்தாள். பாவாடைத் துணி, பலகை, கண்ணாடி, எதுவும் வேண்டாம். ஊரை மட்டும் சொல்லுவோம். அவரே கேட்கட்டும். ‘யார், அண்ணன் மகளா? அண்ணன் எப்படி இருக்கார்?’ என்று அவர் கேட்டுவிட்டால், முக்கால்வாசிப் பாரம் இறங்கிவிடும்.

அப்பா கூடத்தில் கண்ணாடி முன்னால் நின்றிருந்தார். காலையில்தான் முடி வெட்டிக்கொண்டிருந்தார். காது இரண்டும் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தன. பொட்டலத்தைப் பார்த்ததும் குழந்தைபோலக் கையை நீட்டினார்.

“வந்துடுச்சா? அவன் இந்தத் தடவையும் கையைக் குட்டையா வச்சிருப்பான் பாரு. எங்கே, போட்டுப் பார்ப்போம்.”

அவள் சட்டையை விரித்துப் பிடித்தாள். அவர் ஒரு கையை விட்டார். பிறகு இன்னொரு கை. தோளில் சுருக்கத்தை நீவிவிட்டாள். வளர்ந்து முன்பலகை பத்தாமல் போன பிறகு, பின்சீட்டில் இந்தத் தோளின் பின்னால் உட்கார்ந்துதான் உலகத்தைப் பார்த்தாள்.

“என்ன மூஞ்சியெல்லாம் புழுதி?”

“முதல் அலமாரி சாஞ்சுடுச்சுப்பா.”

“ஐயோ, புத்தகத்துக்கு ஒண்ணும் ஆகலையே?”

“இல்ல.” அவள் நீவிக்கொண்டே இருந்தாள். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள். “அப்பா, ஆத்தங்கரை ஊர்லேருந்து ஒரு அம்மா வந்திருந்தாங்க. நம்ம பழைய புத்தகங்களைப் பார்க்கணும்னாங்க.”

முதல் பட்டனைப் போட்டிருந்த கை இரண்டாவதில் நின்றது. யார் என்று அவர் கேட்கவில்லை. என்ன வயது, எதற்கு வந்தாள், கூட யார் வந்தார்கள், எதையும் கேட்கவில்லை. அவள் காத்திருந்தாள். ‘கேளுப்பா’ என்று மனதுக்குள் கெஞ்சினாள். ‘யாருன்னு ஒரு வார்த்தை கேளு.’

அவர் விரல்கள் மறுபடி அசைந்தன. இரண்டாவது பட்டனை மூன்றாவது துளையில் மாட்டின. கண்ணாடியில் மகளின் கண்ணைத் தவிர்த்து, சட்டையையே பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

“நாப்பத்தோராம் பக்கத்தைத் திறந்து பார்த்தாளா?”